முப்பது பிடி கொழுந்து

ஒரு பிடி தேயிலைக் கொழுந்தைக் கிள்ளினால் அது திருட்டா? ஒரு பிடி திருட்டில்லை என்றால், முப்பது பிடி? மூன்று வருஷமாக இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் அடுப்பு மூட்டும்போது இல்லை என்று தோன்றுகிறது. பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அந்தச் செடிகளைத் தாண்டி வரும்போது ஆமாம் என்று தோன்றுகிறது.

கேள்வி பிறந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரவேணுவுக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். ஃபாக்டரி முற்றத்தில் முப்பது புதுக் கூடைகள் மூன்று வரிசையாக நின்றன. மேகம் தரைவரை இறங்கியிருந்ததால் கடைசி வரிசை சரியாகத் தெரியவில்லை. என் கணவர் மாணிக்கம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எங்கள் பெண் மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது. பதினைந்து நாளாகக் கக்குவான் இருமல். போர்வைக்குள் அவள் நெஞ்சு கரகரப்பது என் விலாவில் தெரிந்தது.

எஸ்டேட் ஆபீசின் ரைட்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வந்து முதல் கூடையைத் தூக்கினார். விளிம்பைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். கூடை நெளிந்து கொடுத்து, கையை எடுத்ததும் பழையபடி வட்டமானது.

"நல்லா இருக்குதுங்க மாணிக்கம். போன தடவை கீழ இருந்து வந்ததெல்லாம் ஒரு அழுத்து அழுத்துனா அப்படியே உக்காந்துக்கும்" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இதென்னுங்க உள்ளுக்குள்ள?"

கூடையைக் கவிழ்த்தார். ஒரு பிடி பச்சைக் கொழுந்து ஈரச் சிமெண்டில் விழுந்தது.

அடுத்த கூடையைக் கவிழ்த்தார். அதிலும் ஒரு பிடி. அதற்கடுத்ததிலும். அவர் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போனார். முடித்தபோது முற்றம் முழுக்கச் சின்னச் சின்னப் பச்சைக் குவியல்கள்.

"எஸ்டேட் கொழுந்துதானுங்களே இது? பச்சை இலை களவு போகுதுன்னு துரை நேத்துத்தான் அத்தனை சத்தம் போட்டாரு. யாரு பறிச்சது?"

"நாந்தாங்க" என்றார் என் கணவர்.

அவர் இல்லை. பறித்தது நான்.

முதுகின் அளவு

சில வாரங்களுக்கு முன்பு இந்தப் பத்திரிகையில், இலங்கையிலிருந்து கப்பலில் வந்திறங்கி மண்டபம் முகாமில் இருந்த நாட்களை எழுதியபோது, என் கணவர் கூடை பின்னுகிறவர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை விவரமாக எழுதக்கூடாதா என்று கூடலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எழுதாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணம் அந்த முற்றம்தான்.

இலங்கையில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கம். என் மாமனார் அங்கே மலைவேலை, அதாவது தேயிலைக் காட்டு வேலை, செய்தபடியே கூடையும் பின்னினார். அவரிடமிருந்து இவருக்கு வந்தது. எங்களோடு கப்பலேறி வந்தவர்களில் பலருக்கு இங்கே தேயிலை வேலை கிடைத்தது. எங்கள் முறை வந்தபோது பெயர் பதிய இடமில்லை என்றார்கள். வேலை தேடி அலைந்த ஒரு நாள், நசுங்கிய கூடைகளோடு பெண்கள் எடைக்கு நிற்பதை இவர் பார்த்திருக்கிறார். நேராக ஆபீசுக்குப் போய், "கூடை நான் கட்டித் தாரேங்க" என்று கேட்டுவிட்டார். முதலில் முப்பது கூடைக்கு ஆர்டர் கிடைத்தது. அன்றிலிருந்து நாங்கள் சாப்பிடுவது கூடையால்தான்.

கீழே சமவெளியிலிருந்து மொத்தமாக வரும் கூடைகள் எல்லாம் ஒரே உயரம். இவர் அப்படிப் பின்னமாட்டார். கூடைக் கயிறு பெண்களின் உச்சந்தலையில் மாட்டியிருக்கும், கூடை முதுகில் தொங்கும். அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே இறங்கினால் நடக்கும்போது தட்டும். மேலே ஏறினால் கழுத்து போகும். அதனால் ஒவ்வொரு பெண்ணையும் நிற்கவைத்து, உச்சியிலிருந்து இடுப்புவரை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். எங்கள் அறையில் ஓர் ஆணியில் முப்பது கயிறுகள் தொங்கின. எது யாருடையது என்று தெரிய, அவரவர் பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு துணுக்கை நுனியில் கட்டியிருந்தார்.

அளவெடுத்த அன்று ராக்கம்மா அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர். எங்களுக்கு அடுத்த அறை.

"பத்து வருசம் குடும்பம் நடத்தின எம் புருசனுக்கு எம் முதுகு எம்மாம் நீளம்னு தெரியாது. ஒம் புருசன் ஒரு நிமிசத்துல கயித்துல முடிஞ்சுக்கிட்டாரே டீச்சரம்மா!"

நான் அப்போது டீச்சர் இல்லை. பத்தாவது வரை படித்தவள் என்பதால் அக்கா வைத்த கேலிப் பெயர் அது. எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல், "அக்கா, நேரா நில்லுங்க. சிரிச்சா அளவு மாறும்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

மூங்கில் குஞ்சப்பனைப் பக்கமிருந்து வரும். தேய்பிறையில் வெட்டியதா என்று கேட்டுத்தான் வாங்குவார். மற்ற நாளில் வெட்டினால் வண்டு துளைக்குமாம். பிளந்து, சீவி, பின்னி முடித்த பிறகும் வேலை முடியாது. இந்த மலையில் எதுவும் லேசில் காய்வதில்லையே. கூடைகளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஈர விறகைப் போட்டுப் புகை காட்டுவார். மூன்று நாள் புகை பிடித்தால் கூடை தேன் நிறமாகிவிடும். அப்புறம் வண்டு அண்டாது. எங்கள் துணி, தலைமுடி, சோறு எல்லாவற்றிலும் அந்தப் புகை வாசனை. மலரின் இருமலுக்கு அந்தப் புகைதான் காரணமோ என்றுகூட அப்போது எனக்கு ஒரு பயம். அவரிடம் சொல்லவில்லை. புகை இல்லாவிட்டால் கூடை இல்லை, கூடை இல்லாவிட்டால் மருந்து எங்கே?

வெறும் கூடை

இப்போது அந்தக் கொழுந்து விஷயம்.

இலங்கையில் எங்கள் தோட்டத்தில் புதுக் கூடையை யாரும் வெறுமையாகக் கொடுக்கமாட்டார்கள். பின்னியவர் தன் கையால் ஒரு பிடி கொழுந்து கிள்ளி உள்ளே போட்டுத்தான் கொடுப்பார். வெறும் கூடையைக் கொடுத்தால் வாங்குகிறவளுக்குக் கொழுந்து சேராது, கொடுக்கிறவன் வீட்டுக்கும் ஆகாது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே செடிகள் இருந்ததால் யாரும் யாரையும் கேட்டதில்லை. தோட்டத்தை நடத்தும் துரைமார் பார்த்தால்கூட ஒன்றும் சொன்னதில்லை என்று மாமனார் சொல்லியிருக்கிறார். இல்லை, பார்த்ததே இல்லையோ என்னவோ.

கூடைகளைக் கொடுக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் கேட்டேன்: "கொழுந்துக்கு என்னங்க செய்றது?"

"அதெல்லாம் அங்க. இங்க நமக்குன்னு ஒரு செடி இருக்கா? விடு" என்றார்.

நான் சரி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் விடியும் நேரத்தில் மலருக்கு ஒரு இருமல் வந்தது. மூச்சு திரும்பி வர நேரமாயிற்று. உதடு நீலமாகிவிட்டது. கூடைகளை ஏற்ற ஜீப் கூப்பிட இவர் அரவேணுவுக்குப் போயிருந்தார். நான் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சுவரோரம் அடுக்கியிருந்த கூடைகளைப் பார்த்தேன். இந்த மண்ணில் அவர் பின்னிய முதல் கூடைகள். முப்பதும் வெறுமையாக, வாயைத் திறந்துகொண்டு இருந்தன.

மலரை ராக்கம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு, பாதையோரம் இருந்த செடிகளுக்குப் போனேன். எனக்கு வேலியும் தெரிந்தது, எஸ்டேட் பலகையும் தெரிந்தது. எப்படியும் இன்றைக்கு இந்தக் கூடைகளில் விழப்போகிற கொழுந்துதானே, இதே ஃபாக்டரிக்குத்தானே போகப்போகிறது என்று சொல்லிக்கொண்டேன். படித்தவளுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியும். சேலை முந்தானையில் கிள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிடி வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டேன். ஜீப் வந்ததும் இவர் அடுக்கடுக்காகத் தூக்கி ஏற்றினார். முற்றத்தில் பெண்கள் இறக்கிப் பிரித்து வைத்தார்கள். அதற்கு முன் இவர் உள்ளே பார்த்தாரா? தெரியாது.

அந்த வாரமே மலருக்கு இருமல் குறைந்தது. குன்னூர் டாக்டரின் மருந்து அதே வாரம்தான் வேலை செய்திருக்க வேண்டும். மருந்துதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கொழுந்து வைக்காமல் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இது எந்த வகைப் படிப்பு என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு தாள்

முற்றத்துக்குத் திரும்புகிறேன்.

"சிலோன்ல எங்க பழக்கம் இதுங்க" என்று என் கணவர் ரைட்டரிடம் சொன்னார். "புதுக் கூடைய வெறுமையாத் தரக்கூடாது."

"பழக்கம் சரிங்க. வெத்தலை வெச்சிருக்கலாம், பூ வெச்சிருக்கலாம். எஸ்டேட் இலையை எஸ்டேட்டுக்கே கேக்காம எடுத்துக் குடுத்தா நான் துரைகிட்ட என்னன்னு சொல்றது?" ரைட்டர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தலைவலியாகிவிட்டது. "ஒண்ணு பண்ணுங்க. ஒரு தாள் எழுதிக் குடுத்துருங்க. கேக்காம பறிச்சது தப்பு, இனிமே பண்ணமாட்டேன்னு. ஃபைல்ல போட்டுட்டு கூடையை எடுத்துக்கறேன். இல்லாட்டி முப்பதையும் திருப்பி ஏத்திட்டுப் போங்க. அம்மணி படிச்சவங்கதானுங்களே, எழுதட்டும்."

தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். ராக்கம்மா அக்கா மலரை வாங்கிக்கொண்டார். எடைமேடையின் மேல் தாளை வைத்தேன்.

"பழக்கத்தைப் பத்தியும் எழுதட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அது வேண்டாமுங்க. துரைக்குப் புரியாது. ரெண்டு வரி போதும்."

எழுதினேன். 'தங்கள் தோட்டத்துச் செடிகளில் அனுமதியில்லாமல் நான் கொழுந்து கிள்ளியது தவறு. இனி இவ்வாறு செய்யமாட்டேன்.' நான் என்று எழுதும்போது பேனா நின்றது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். என் கணவர் என் கையிலிருந்து தாளை மெதுவாக இழுத்து, கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தன் பெயரை எழுத நேரமாகும். அந்த நேரம் முழுவதும் நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முப்பது கூடைகளும் உள்ளே போயின. ஆர்டர் தொடர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து போகிற ஒவ்வொரு கூடையும் வெறுமையாகத்தான் போகிறது.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் ராக்கம்மா அக்கா என்னிடம் சொன்னார்: "மாணிக்கம் கொழுந்துக்காரி வயித்துல பொறந்தவரு. அவரு கிள்ளினா ரெண்டு எலை, ஒரு மொட்டு, அளந்த மாதிரி இருக்கும். அன்னைக்கிக் கெடந்தது பூரா முத்த எலையும் காம்புமா இருந்துச்சு. அது பொஸ்தகம் புடிச்ச கை." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ பயப்படாத" என்றார்.

பயப்படாதே என்று சொன்னபிறகுதான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது. முப்பது பெண்களுக்குத் தெரியும் என்றால், என் கணவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். எஸ்டேட்டின் பிள்ளைமடுவத்தில், அதாவது கொழுந்தெடுக்கும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், டீச்சர் வேலைக்கு நான் எழுதிய மனு அன்றைக்கு அதே ரைட்டரின் மேஜையில் இருந்தது. மூன்று மாதத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அன்று "நாந்தாங்க" என்று என் கணவர் சொன்னபோது அந்த மனு அவர் நினைப்பில் இருந்ததா? இதுவும் எனக்குத் தெரியாத கணக்கில்தான் சேர்கிறது.

புகை போக இடமில்லை

இதையெல்லாம் பழைய கதை என்று விட்டிருப்பேன். போன மாதம் அது எழுந்து வந்துவிட்டது.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரருக்குப் புகை ஒத்துவரவில்லை. மேல் அறையில் அவருடைய மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். தை பிறப்பதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நல்லபடியாகவே சொல்லிவிட்டார். பிள்ளை பெறப்போகிற வீட்டில் புகை போடாதே என்றால் என்ன பதில் சொல்வது? அக்கம்பக்கத்தில் கேட்ட நான்கு இடத்திலும் முதல் கேள்வி புகைதான்.

அதே சமயம் எஸ்டேட்டில் ஒரு கூடைக்காரரை நிரந்தரமாகப் பெயர் பதிந்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள். லயத்தின் கோடியில் ஒரு வீடும், பக்கத்தில் ஒரு கொட்டகையும் தருவார்களாம். எவ்வளவு புகை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ரைட்டரே என்னை மடுவத்தில் வந்து பார்த்தார்.

"மாணிக்கத்தை விட்டா வேற ஆளு யாருங்க இருக்கறாங்க? பேரை நாந்தான் எழுதிக் குடுத்தேன். துரை பழைய ஃபைலைப் பொரட்டிட்டாருங்க அம்மணி. 'கொழுந்து எடுத்தவனைக் கொண்டுவந்து எஸ்டேட்டுக்குள்ளயே குடி வெக்கறதா'ன்னு கேட்டுப்போட்டாரு. என்னால பதில் சொல்ல முடியலைங்க. பொங்கலுக்குள்ள வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லியிருக்கறாரு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் மேஜைமேல் மடுவத்துப் பதிவேடு திறந்து கிடந்தது. அதில் இருக்கிற எழுத்தும் அந்தத் தாளில் இருக்கிற எழுத்தும் ஒன்று. எழுதிக் கொடுத்தவள் நான் என்று ரைட்டருக்குத் தெரியும். அந்தத் தாளில் இருக்கிற 'நான்' நானேதான் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கூடையின் அடியை முடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கிக் கிள்ளினது நான்."

"தெரியும்" என்றார். கை நிற்கவில்லை.

"அப்புறம் ஏன் நீங்கன்னு சொன்னீங்க?"

"கூடை என்னோடது. அதுக்குள்ள என்னா இருந்தாலும் என்னோடதுதான்."

"நான் போயி துரைகிட்டச் சொல்லிர்றேன். உங்களுக்கு வீடு கெடைக்கும்."

"சொல்லு. ஒனக்கு மடுவம் போயிரும். களவெடுத்தவகிட்டப் புள்ளைகள விடுவாங்களா? எனக்கும் பொய் சொன்னவன்னு பேரு வரும்." ஒரு மூங்கில் சிம்பைப் பல்லால் பிடித்து இழுத்தபடி யோசித்தார். "களவாணின்னு தாளுல இருக்கு, இருக்கட்டும். பொய்க்காரன்னு யாரும் என்னையச் சொன்னதில்ல."

இது கோபமா, வருத்தமா, கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். புகையில் எனக்குத்தான் கண் எரிந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மலர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததால், சிலேட்டும் சோற்றுத் தூக்கும் வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு சின்னக் கூடை பின்னத் தொடங்கினார். உச்சியிலிருந்து இடுப்புவரை அவளையும் கயிற்றால் அளந்தார். அவளும் சிரித்தாள். அவளிடமும், "நேரா நில்லு" என்றார்.

இன்று காலை கூடை தயாராக அவள் பாயருகில் இருந்தது. சிலேட்டை வைக்க உள்ளே கையை விட்டேன். ஒரு பிடி கொழுந்து இருந்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு. அத்தனையும் அளந்த மாதிரி. பனி ஈரம் இன்னும் போகவில்லை.

எங்களுக்கென்று இன்னும் ஒரு செடி கிடையாது. எங்கே கிள்ளினார் என்று நான் கேட்கவில்லை. அவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். மலர், "இது என்னாம்மா, எதுக்கும்மா?" என்று கேட்டாள். நம்ம பழக்கம் என்று சொல்வதா, இன்னொருத்தர் செடியில் கிள்ளக்கூடாது என்று சொல்வதா என்று தெரியாமல், நேரமாச்சு என்று சொல்லி அவளைக் கிளப்பிவிட்டேன்.

அந்தக் கொழுந்து ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கு மேல் இருக்கிறது. எறியவும் மனம் வரவில்லை, காய்ச்சிக் குடிக்கவும் மனம் வரவில்லை.

பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள்தான். ரைட்டர் வாரப் பத்திரிகை வாங்குகிறவர். நான் இதில் எழுதுவது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். அவர் கண்ணில் இது படுவதற்கு முன்னால் துரையிடம் போய், கிள்ளியவள் நான் என்று சொல்லிவிடட்டுமா? என் கணவர் எனக்காகச் சொன்ன பொய்யை அப்படி அவரிடமே திருப்பிக் கொடுப்பது சரியாகுமா? இல்லை, அவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, புகைக்கு இடம் தருகிற ஒரு வீட்டைத் தேடிக்கொண்டே இருக்கட்டுமா? மலருக்கும் ஒரு பதில் வேண்டும். சாயங்காலம் வந்ததும் மறக்காமல் கேட்பாள். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். பொங்கலுக்கு முன்னால் எழுதுங்கள்.